பாவுக்குக் காய்ச்சிய கஞ்சி

பிள்ளை பெற்ற வீட்டில் தண்ணீர்ச் சொம்பை எங்கே வைப்பார்கள்? என் வயதுக்காரிகள் யாராவது இதைப் படித்தால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இந்தக் காலத்துப் பெண்ணைக் கேட்டால் விழிப்பாள். தலைமாட்டில்தான், வேறெங்கே என்பாள். பிரசவத்துக்கு வந்திருக்கும் என் மகளின் தலைமாட்டில் ஒரு பாட்டில் நிற்கிறது. எந்த நேரத்துக்குள் எந்தக் கோடு வரை குடிக்க வேண்டும் என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கிறார்கள். போதாததற்கு போனும் மணியடித்து ஞாபகப்படுத்துகிறது. அவள் போனை அணைத்துவிட்டுத் தூங்குகிறாள். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று போய்ப் போய்ப் பார்க்கிறேன். "ஏம்மா கால்ல சக்கரம் கட்டிக்கினு சுத்தறே? ஒரு இடத்துல உக்காரேன்" என்கிறாள். உட்கார்ந்தால்தான் எழுத முடியும், உட்கார்ந்தாலோ எழுந்து போய்ப் பார்க்கத் தோன்றுகிறது. அதனால் இதில் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் சொம்பு இருந்த இடத்தைச் சொல்கிறேன். தறிக்கு மேலே, உத்தரத்தை ஒட்டி, தறியில் குறுக்கு நூலோடு ஓடும் நாடாக்களில் உடைந்தவையும் நூல் சிக்குகளும் போட்டு வைக்கும் ஒரு பலகை உண்டு. அதன் மேல். பித்தளைச் சொம்பு, வாய் விளிம்பு ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். அம்மா எழுந்து நின்று கையை நீட்டினாலும் எட்டாது. தம்பி பிறந்த கோடையில் அதை அங்கே ஏற்றியவள் அத்தை.

அத்தை அப்பாவுக்கு அக்கா. வாலாஜாபாத்தில் வாழ்க்கைப்பட்டவள். பிள்ளை இல்லை. எங்கள் சொந்தத்தில் யாருக்குப் பிரசவம் என்றாலும் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிடுவாள். பையைத் திறந்தால் சுண்டைக்காய் வற்றல், மிளகு, பூண்டு, பெருங்காயம், பனைவெல்லம் எல்லாம் ஒரே வாசனையாகக் கிளம்பும். எனக்கென்று ஒரு பொட்டலம் பொரிவிளங்காய் உருண்டையும் இருக்கும். பல்லை உடைக்கும், ஆனால் ருசி. அவள் கெட்டவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பிள்ளைக்குத் துணி மாற்றுவதிலிருந்து அம்மாவுக்கு வெந்நீர் போடுவது வரை அவள் ஒருத்தி செய்ததை நாலு பேர் செய்ய முடியாது. அந்தக் கை எத்தனையோ பிள்ளைகளைக் குளிப்பாட்டிய கை.

ஆனால் பத்தியம் என்று வந்துவிட்டால் அத்தையிடம் இரக்கம் கிடையாது. "பச்ச ஒடம்பு" என்பாள். அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் அடக்கம். பச்சை உடம்புக்குப் பருப்பு ஆகாது, வாயு. கீரை ஆகாது, குழந்தைக்கு வயிற்றால் போகும். பழம் ஆகாது, தயிர் மோர் பேச்சே கூடாது. சுட்ட பூண்டும் வற்றல் குழம்பும் ஒரு பிடி குழைந்த சோறும்தான். கொல்லையில் முருங்கை மரம் தழைத்து நிற்கும், அக்கம்பக்கத்தார் வந்து கீரையை ஒடித்துக்கொண்டு போவார்கள், பெற்றவளுக்கு மட்டும் ஒரு காம்பு கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர். சாப்பிட்ட பிறகு அரை டம்ளர் வெந்நீர், அதுவும் அத்தை கையால், அதோடு சரி. தண்ணீர் குடித்தால் பெற்ற வயிறு ஊதும், பாலில் நீர் சேர்ந்து பிள்ளைக்கு ஜன்னி காணும். அம்மாவைக் குளிப்பாட்டும்போதுகூட அத்தையின் ஒரு கண் அம்மாவின் வாயிலேயே இருக்கும். "வாய மூடு, வாய மூடு" என்று சொல்லிக்கொண்டேதான் தலையில் ஊற்றுவாள்.

அது கத்திரி வெயில். ஓடு அனலைக் கக்கும். தறி அறைக்குப் பின்னால் இருந்த இருட்டு உள்ளறையில் அம்மாவும் தம்பியும் படுத்திருந்தார்கள். காற்று வந்தால் ஆகாது என்று ஜன்னலைச் சாத்தியாகிவிட்டது. வாசலில் அத்தை தண்ணீர் தெளிக்கும்போது மண் வாசனை உள்ளே வரும். அம்மா அந்த வாசனைக்கு மூக்கை நீட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். உதடு வெடித்து, பேசும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி 'டக்' என்று சத்தம் வரும். ஒருநாள் அம்மா பொறுக்க முடியாமல் என்னிடம் ஒரு மடக்கு கேட்டதை அத்தை கேட்டுவிட்டாள். கோபப்படவில்லை. வந்து உட்கார்ந்து, தம்பியைத் தூக்கி அம்மா மடியில் வைத்தாள்.

"இதோ பாரும்மா. இந்தப் புள்ள தலமேல கைய வெச்சி சொல்லு. நான் பாய விட்டு எழுந்திரிக்கிற வரைக்கும் அந்த அர டம்ளர் வெந்நி தவிர வேற தண்ணி வாயில வெக்க மாட்டேன்னு சொல்லு."

அம்மா சொன்னாள். பிள்ளை தலையில் கை வைத்த சத்தியம், சும்மாவா? தீட்டு என்பதால் சமையலறைப் பக்கமும் போக முடியாது, இப்போது சத்தியம் வேறு. இனி கிணற்றடியில் விட்டாலும் அம்மா குடிக்க மாட்டாள் என்று அத்தை நிம்மதியாக வெற்றிலை போட்டாள்.

இங்கே கஞ்சியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் விடிவதற்கு முன்பே பாவு நீட்டுவார்கள், அதாவது புடவைக்கான நீள நூலையெல்லாம் தெரு நீளத்துக்கும் இழுத்துக் கட்டுவார்கள். அதற்குக் கஞ்சி போட்டு உலர்த்தினால்தான் இழை தறியில் தாங்கும். தறியில் ஏற்றிய பிறகும் நெய்யப்போகிற இடத்துக்குக் கொஞ்சம் தடவ வேண்டும். அந்தக் கஞ்சியைத் தெருவுக்கே காய்ச்சுவது எங்கள் வீடுதான். நல்ல அரிசியாகப் பார்த்துக் குழைய வேகவிட்டு, மசித்து, மெல்லிய துணியில் வடிகட்டி, நெருப்பணைந்ததும் அண்டாவோடு நடையில் வைத்து ஆறவிடுவார்கள். மறுநாள் விடியலில் ஆளுக்கொரு பாத்திரத்தில் வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். அம்மா காய்ச்சும் கஞ்சிக்குத் தெருவில் நல்ல பெயர். அம்மா படுத்ததும் அந்த வேலையை அத்தை ஏற்றுக்கொண்டாள். பாவுக்கு எவ்வளவு கஞ்சி, எந்தப் பதம் என்பதில் அந்தத் தெருவில் எல்லோரும் பண்டிதர்கள். உள்ளே படுத்திருந்தவளுக்கு எவ்வளவு என்று யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு எனக்கும் அது தோன்றவில்லை. இன்று நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

தம்பி அழுதுகொண்டே இருந்தான். முதலில் ஊரைக் கூட்டும் அழுகை, பிறகு பூனைக்குட்டி முனகல். மார்பைக் கவ்வுவான், இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவனுக்குக் கட்டிய துணி நெடுநேரம் நனையாமலே இருக்கும். அத்தை உரை மருந்து உரைத்தாள், சங்கில் சர்க்கரைத் தண்ணீர் புகட்டினாள், கழுதைப்பால்காரனைக் கூப்பிட்டு பிள்ளைக்குப் புகட்டும் பாலாடை நிறைய வாங்கி ஊற்றினாள். அந்தப் பாலாடையும் இப்போது எங்கே போயிற்றோ, வெள்ளி, மூக்கு நீண்டு இருக்கும்.

அப்போதுதான் நர்ஸம்மா வந்தார். தெருத்தெருவாகப் பிரசவமான வீடுகளைப் பார்த்துக்கொண்டு வருபவர். கையில் கொக்கி வைத்த தராசு. அத்தைக்கு அந்தத் தராசைக் கண்டாலே ஆகாது. "பச்சப் புள்ளய எட போடாதீங்கம்மா, கண்ணு பட்டுடும்" என்றாள். வேடிக்கையைப் பாருங்கள். எங்கள் வீட்டில் எடை போடாத பொருள் உண்டா? புடவை முதலாளிகள் பட்டு நூலை எடை போட்டுத் தருவார்கள், ஜரிகையை எடை போட்டுத் தருவார்கள், நெய்து முடித்த புடவையை எடை போட்டு வாங்குவார்கள். இம்மி குறைந்தாலும் ஏன் எதற்கு என்று கேள்வி. பிள்ளையை மட்டும் எடை போடக் கூடாது.

அத்தை காபி போட உள்ளே போன நேரத்தில் நர்ஸம்மா தறியின் மேல் கட்டையில் தராசைக் கொக்கியில் மாட்டி, துணித் தூளியில் தம்பியைப் போட்டுத் தொங்கவிட்டார். முள்ளைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. அம்மாவிடம் போய், "நெறைய தண்ணி குடிக்கணும்மா. கீரை, பருப்பு, முட்டை எல்லாம் சாப்பிடுங்க. உங்களுக்குள்ள போனாத்தான் அதுக்குப் பாலா வரும்" என்றார். காபியோடு வந்த அத்தை, "சரிம்மா, ஆவட்டும்மா, செஞ்சிடறேம்மா" என்று தலையை ஆட்டினாள். நர்ஸம்மா வாசலுக்கு வந்ததும் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார். நான் அங்கேதான் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தேன். நாடாவுக்குள் போடுகிற சின்னக் குழலில் நூல் சுற்றுவதைத்தான் தார் சுற்றுவது என்போம். எனக்கு எல்லாம் கேட்டது.

"பொறந்தப்ப இருந்ததவிடக் கொறஞ்சி போயிருக்குது. இப்படியே போனா புள்ள தங்காது."

அப்பா அத்தையிடம் சொன்னார். அத்தை உள்ளே போய்த் தம்பியின் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு, "கல்யாணம் ஆகாத பொண்ணு, அதுக்கு இன்னா தெரியும்? பத்தியந்தான் எங்கியோ கசியுது. இன்னும் இறுக்கணும்" என்றாள். அன்று முதல் அரை டம்ளர் வெந்நீர் கால் டம்ளர் ஆயிற்று.

எனக்கு அன்றிலிருந்து ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. தார் சுற்றுவேன், எழுந்து போய்த் தம்பி மூச்சு விடுகிறானா என்று பார்ப்பேன், திரும்பி வந்து சுற்றுவேன். நூல் தளர்ந்து போய் அப்பாவிடம் குட்டு வாங்குவேன். அந்தப் பழக்கம்தான் இன்றுவரை விடவில்லை என்று நினைக்கிறேன்.

ஒருநாள் மதியம். அத்தை கஞ்சியை இறக்கி நடையில் வைத்துவிட்டு, முந்தானையை விரித்துக் கண் அசந்திருந்தாள். அப்பா தறிக் குழியில் காலைத் தொங்கவிட்டு நெய்துகொண்டிருந்தார். நான் தம்பியைப் பார்க்க எழுந்து போனேன். பாயில் அம்மா இல்லை. நடையில் அண்டாவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். பாலாடையால் மொண்டு மொண்டு குடித்துக்கொண்டிருந்தாள். பாலாடை போதவில்லை. கையைக் குவித்து அள்ளிக் குடித்தாள். உப்பில்லாத, பிசுபிசுத்த, பாவுக்குக் காய்ச்சிய கஞ்சி. கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டாள். மோவாயில் கஞ்சி வழிந்தது.

"தண்ணி இல்லடி" என்றாள். "கஞ்சி."

என்னிடம் சொன்ன மாதிரி இல்லை அது. சாமியிடம் சொன்ன மாதிரி இருந்தது. சத்தியம் தண்ணீருக்குத்தானே, கஞ்சிக்கு இல்லையே. நானும் சரி என்று தலையாட்டினேன். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

சாயங்காலம் அத்தை எழுந்து அண்டாவைப் பார்த்தாள். உள்ளே கஞ்சி நின்ற அடையாளம் ஒரு வளையமாக மேலே இருந்தது, கஞ்சி கீழே இருந்தது. "இன்னா வெயிலுடா இது, அண்டா கஞ்சியக் குடிக்குது" என்று சொல்லி, வற்றிய அளவுக்குத் தண்ணீர் விட்டுக் கலக்கி வைத்தாள். மறுநாளும் அண்டா குடித்தது, மறுநாளும் அத்தை தண்ணீர் விட்டாள். அப்படியே தினமும் நடந்தது.

பிறகு தெருவில் தொடங்கியது பாருங்கள் கூத்து. கஞ்சி காணாத பாவு என்ன ஆகும்? எதிர் வீட்டில் இழை அறுந்தது. கோடி வீட்டில் அறுந்தது. எங்கள் வீட்டிலும் அறுந்தது. தறி ஓசை நாலு அடிக்கு ஒரு தரம் நிற்கும். அப்பா குனிந்து இழையைத் தேடி முடிச்சுப் போடுவார், பல்லைக் கடிப்பார், மறுபடி ஓட்டுவார், மறுபடி நிற்கும். தெரு முழுக்க அந்த மாதிரி விட்டு விட்டு ஓடியது. வைகாசி முகூர்த்தத்துக்குப் போக வேண்டிய புடவைகள், எல்லோருக்கும் அவசரம். முதலில் அரிசியைத் திட்டினார்கள். பிறகு பட்டைத் திட்டினார்கள். பிறகு மெல்ல அத்தையிடம் வந்தார்கள்.

"வாலாஜாபாத் கை நம்ம பாவுக்கு ஒத்துக்கலபோல" என்று எதிர் வீட்டு அக்கா சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். அத்தைக்கு முகம் சுருங்கிவிட்டது. கைப்பக்குவத்தைக் குறை சொன்னால் அவளால் தாங்க முடியாது. கண்ணேறு என்று முடிவு கட்டி எங்கள் தறியில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டினாள். மிளகாய் நெடியில் அப்பா தும்மினார், இழை அறுந்தது.

உள்ளே படுத்திருந்த அம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "எங்கையில இன்னாம்மா கொற?" என்று அம்மாவிடமே கேட்டாள். அம்மா வாயைத் திறந்தாள். அப்போது தம்பி அழுதான். பூனைக்குட்டி முனகல் இல்லை, பழைய அழுகை, ஊரைக் கூட்டும் அழுகை. அம்மா வாயை மூடிக்கொண்டு அவனை மார்பில் அணைத்துக்கொண்டாள். அவன் மடக் மடக்கென்று குடிப்பது வெளியே கேட்டது. துணி நனையத் தொடங்கியிருந்தது. "பாத்தியா, பத்தியத்த இறுக்கினதும் பால் ஊறுது" என்றாள் அத்தை. கண்ணீரோடு சிரித்தாள், பாவம். தெருவின் பாவுக்குப் போக வேண்டியது தம்பிக்குப் போய்க்கொண்டிருந்தது. எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியதே இல்லை. வைகாசித் திருவிழா வந்தது. பெருமாள் கருடன் மேல் வருகிற திருவிழா. தெருவே தறியை நிறுத்தியது. தறி நின்றால் பாவு இல்லை, பாவு இல்லையென்றால் கஞ்சி எதற்கு? அத்தை அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டாள்.

முதல் நாள் அம்மா நடையில் கவிழ்ந்திருந்த அண்டாவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்தாள். அடுத்த நாள் எழவில்லை. உடம்பு கொதித்தது. தம்பி மார்பைக் கவ்விவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுபடி முனகல். பிறகு முனகலும் குறைந்தது. அவன் உச்சிக்குழி உள்ளே போயிருந்ததை நான் விரலால் தொட்டுப் பார்த்தேன். நர்ஸம்மா சொன்ன 'தங்காது' என் காதிலேயே நின்றது. அப்பா சாமி தூக்கும் கூட்டத்தோடு போயிருந்தார். நான் உள்ளுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

தெருமுனையில் எங்கள் தெருக்காரர்கள் நீர்மோர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். கூரம், முசரவாக்கம் பக்கத்திலிருந்தெல்லாம் கருட சேவைக்கு நடந்து வந்த ஜனம். பெரிய பெரிய பானைகளில் மோர், அதில் கொத்தமல்லியும் இஞ்சியும் மிதந்தன. கரண்டி பிடித்து நின்றவள் யார் தெரியுமா? அத்தைதான். வேர்க்க விறுவிறுக்க, ஒரு கை ஓயாமல் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். "வாங்க சாமி, குடிச்சிட்டுப் போங்க. வெயிலு கொல்லுது. கொழந்தைக்குக் குடும்மா மொதல்ல, நாக்கு வறண்டுக்கினு இருக்குது பாரு" என்று வழியில் போகிறவளையெல்லாம் கூப்பிட்டுக் கொடுத்தாள்.

நான் கூட்டத்தில் புகுந்து போய் முன்னால் நின்றேன். "அத்த, ஒரு சொம்பு மோர் குடு."

"குடிச்சியே இப்பத்தான்?"

"எனக்கில்ல. அம்மாவுக்கு."

கரண்டி நின்றுவிட்டது. "அம்மாவுக்கு மோரா? பெத்தவளுக்கு மோரக் குடுத்து ஜன்னி வரவெக்கப் பாக்கறியா? போடி."

 ஆனாலும் வாதாடினேன். எனக்குத் தெரிந்த ஒரே நியாயத்தைச் சொன்னேன். "அம்மா தண்ணிதான் குடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுச்சு. மோர் தண்ணி இல்லியே. கஞ்சியும் தண்ணி இல்ல, அதான் தெனம் குடிச்சிச்சு. இப்பத்தான் நீ கஞ்சியே காய்ச்சறதில்லியே அத்த. அம்மா இன்னாத்தக் குடிக்கும்?"

பந்தலில் இருந்த எல்லோரும் எங்கள் தெருக்காரர்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. "அடிப்பாவி, எங்க பாவுக் கஞ்சியா?" என்றாள் எதிர் வீட்டு அக்கா. "தீட்டுக் கையி பட்டதா முகூர்த்தப் பட்டுக்குப் போட்டோம்?" என்று இன்னொரு குரல் எழுந்தது. அத்தை திரும்பிப் பார்த்தாள். அந்தக் குரல் அடங்கிவிட்டது. அத்தை கரண்டியைப் பானையிலேயே விட்டுவிட்டு, ஒரு சொம்பில் மோரை எடுத்துக்கொண்டு நடந்தாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அந்த வேகத்தில் மோர் வழியெல்லாம் சிந்தியது.

உள்ளே போய் முதலில் தம்பியின் தலையைத் தடவினாள். விரல் உச்சிக்குழியில் இறங்கியது. அவன் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எப்பலேருந்து குடிச்சே?"

"அந்த நர்ஸம்மா வந்துட்டுப் போனதுலேருந்து, அண்ணி." அம்மாவின் குரல் உடைந்து வந்தது.

"வயிறு ஊதலியா?"

"இல்ல."

"புள்ளைக்கு ஜன்னி காணலியா?"

"நீங்கதான பாத்துக்கினீங்க. அப்பத்தான அவன் நல்லா இருந்தான்."

அத்தை சொம்பை நீட்டினாள். அம்மா வாங்கவில்லை. "இதுல பாதி தண்ணியாச்சே, சத்தியம் பண்ணிருக்கேனே அண்ணி" என்றாள். சாகக் கிடந்தாலும் அம்மாவுக்கு அந்தப் பயம். அத்தை அம்மாவின் கையை இழுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "அந்தச் சத்தியத்த எந்தலையில எறக்கிட்டேன். எது வந்தாலும் எனக்கு வரட்டும். குடி." சொம்பை அம்மாவின் வாயில் சாய்த்தாள். அம்மா குடிக்கக் குடிக்க அத்தை பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏதோ நடக்கப் போகிறது என்று காத்திருக்கிற மாதிரி பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்" என்றாள்.

அப்போது அத்தை கேட்டாள். யாரைப் பார்த்தும் கேட்கவில்லை, சாத்திய ஜன்னலைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்ப எம்புள்ள எதுக்குப் போச்சு?"

அத்தைக்கு ஒரு பிள்ளை இருந்தது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பின்னால் அம்மா சொன்னாள். வாலாஜாபாத்தில், இதே மாதிரி ஒரு கோடையில், பிள்ளை பெற்றுப் படுத்திருந்த அத்தை தாகம் தாங்காமல் யாருமில்லாத நேரத்தில் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டாளாம். மறுநாளோ அதற்கு மறுநாளோ பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு போய்விட்டது. காலிச் சொம்பைப் பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? 'நீ குடிச்ச தண்ணிதான் அதக் கொன்னுச்சு' என்று வீடு முழுக்கச் சொன்னது. அதற்குப் பிறகு அவளுக்கு வயிறு திறக்கவில்லை. அன்றிலிருந்துதான் அவள் வீடு வீடாகப் போய் மற்றவர்களின் சொம்பை எட்டாத இடத்தில் வைக்கத் தொடங்கினாள். இன்னொரு பிள்ளை போய்விடக் கூடாது என்ற பயம். இது தெரியாமல் அவளை ராட்சசி என்று எத்தனை பெண்கள் மனதுக்குள் திட்டியிருப்பார்கள்! நானே திட்டியிருக்கிறேன்.

அன்று சாயங்காலமே ஆள் அனுப்பி நர்ஸம்மாவை வரவழைத்தார்கள். அத்தை அவர் பின்னாலேயே நின்று, சொன்னதையெல்லாம் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். ஜன்னல் திறந்தது. பலகையிலிருந்த சொம்பு அம்மாவின் தலைமாட்டுக்கு இறங்கியது. மறுநாள் காலையில் அண்டா நிமிர்ந்து அடுப்பில் ஏறியிருந்ததைப் பார்த்து அப்பாவுக்கு ஆச்சரியம்.

"தறிதான் நிக்குதேக்கா, யாருக்குக் கஞ்சி?"

"ஓடற தறி ஒண்ணு இருக்குது, அதுக்கு" என்றாள் அத்தை. "நீ போயி முருங்கக்கீர ஒடிச்சிக்கினு வா."

அந்தக் கஞ்சியில் உப்பு இருந்தது. கூடவே கீரையும் பருப்பும் வந்தன. அம்மாவுக்கு எப்போதும் எல்லோரும் தின்ற பிறகு அடிச்சட்டியை வழித்துத்தான் பழக்கம். அந்தக் கோடையில் அத்தை முதல் சோற்றை அம்மாவுக்குப் போட்டாள். பொல்லாத பழக்கம், அத்தை ஊருக்குப் போனதும் அம்மா மறுபடி கடைசியாகத்தான் சாப்பிட்டாள். அதை யாராலும் மாற்ற முடியவில்லை. என் வயதுக்காரிகளே, நாம் மட்டும் மாறிவிட்டோமா என்ன? மகளுக்குப் பாட்டிலில் கோடு பார்க்கிற நான் இன்றைக்குக் காலையிலிருந்து என்ன குடித்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

தம்பி தேறிவிட்டான். தெருவில் அவனுக்குப் 'பாவுக் கஞ்சி' என்று பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. "எங்க புடவ இழையெல்லாம் இவன் வயித்துல இருக்குது" என்று எதிர் வீட்டு அக்கா சாகும்வரை அவன் தொப்பையைக் கிள்ளுவாள். இப்போது ஒரகடம் பக்கம் ஒரு கார் கம்பெனியில் வேலை செய்து ஓய்வு பெறப் போகிறான். நல்ல பருமன். டாக்டர் சோற்றைக் குறைக்கச் சொல்கிறார், கேட்க மாட்டேன் என்கிறான்.

அத்தை அன்று ஜன்னலைப் பார்த்துக் கேட்ட கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. அம்மா சொல்லவில்லை. நர்ஸம்மாவிடம் அத்தை அதைக் கேட்கவே இல்லை. தண்ணீர் கொன்றது என்று நம்பி இருந்தவரை அவளுக்கு ஒரு காரணமாவது இருந்தது. அதையும் நாங்கள் பிடுங்கிக்கொண்டோம்.

நான் மகளைப் பெற்றுப் படுத்திருந்தபோது அத்தை வந்தாள். கூன் விழுந்துவிட்டது, கை நடுங்கியது, பை மட்டும் அதே பை. வந்ததும் வராததுமாகச் சொம்பைத் தேடினாள். வாய் நசுங்கிய அந்தப் பித்தளைச் சொம்புதான். நிறைய மொண்டு கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையில் கொடுத்தாள். நான் பாதி குடித்துவிட்டுப் போதும் என்றேன். அவள் விடவில்லை. என் கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"குடிம்மா, ஒண்ணும் ஆவாது" என்றாள்.

குடித்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அவள் கண் என் மகள் தூங்கிய தூளியில் இருந்தது.

"ஒண்ணும் ஆவாது" என்றாள் மறுபடியும். தூளிக் கயிற்றை மெல்ல இழுத்து விட்டபடி, "அன்னிக்கும் ஒண்ணுமே ஆயிருக்காது" என்றாள்.

நான் மீதியையும் குடித்துவிட்டு, சொம்பைக் கவிழ்த்து அவளுக்குக் காட்டினேன்.